இடுப்பளவுச் சுவர்

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், அந்த நாளில், பாட்டுக்கென்றே ஒரு கொட்டகை கட்டி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். சினிமாவுக்கு டெண்ட் கொட்டகை இருந்தது. நாடகக்காரர்கள் கோயில் திடலில் பந்தல் போட்டுக்கொண்டார்கள். எந்தக் கம்பெனியிலும் சேராமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசிக்கிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் என்று, செங்கல் சுவர் வைத்து, பெஞ்சு போட்டு, முந்நூற்றைம்பது பேர் உட்காருகிற மாதிரி இடம் செய்தவன் வேறு யாராவது உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். விசாரித்துவிட்டு என்னிடமே வருவீர்கள்.

இதைத் தற்பெருமை என்பார்கள். சொல்லட்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. செங்கல் வண்டிக்குக் கூலியாகப் போய், இருபத்தெட்டு வயதில் சொந்தமாகச் சூளை போட்டேன். என் செங்கல்லில் பிறை முத்திரை இருக்கும். பட்டணத்தில் பழைய வீடு எதையாவது இடிக்கும்போது போய்ப் பார்த்தால் அந்தப் பிறையைக் காணலாம். இடிக்கிறவன் கை வலிக்கும், அவ்வளவு வேக்காடு.

அந்தச் செங்கல்லுக்கு மண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் கொட்டகைக் கதையைச் சொல்ல முடியாது.

சேரப்பணஞ்சேரி ஏரிக்குக் கீழே எங்களுக்கு இரண்டு ஏக்கர் கழனி. அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா போன பிறகு எனக்குச் சோறு போட்டவர் அவர்தான். என் பங்கைத் தனியாக அளந்து விடச் சொன்னேன். பயிர் வைக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, வரப்புப் போட்டுக் கொடுத்தார். நான் அதில் ஆளை இறக்கிச் செங்கல் அறுக்க ஆரம்பித்தேன். பிசைந்தால் கையில் ஒட்டாத களிமண். மூன்று வருஷத்தில் என் ஏக்கர் ஆள் மறைகிற பள்ளமாகிவிட்டது. பக்கத்திலிருந்த அண்ணனின் வரப்பு ஒவ்வொரு மழைக்கும் பள்ளத்துக்குள் சரிந்தது.

ஒருநாள் சூளைக்கு வந்தார். சுடு கல்லை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"சோறு போட்ட மண்ண சுடுறியேடா" என்றார்.

"சோறு மட்டுந்தான் போட்டுச்சு. நான் ஆளாயிக் காட்டுறேன், பாரு" என்றேன்.

அண்ணனை நான் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அத்தோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. எதிரும் புதிருமாக வீடு. நடுவில் தார் ரோடு. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. அண்ணி மட்டும் கிணற்றடியில் பார்த்தால், "சாப்ட்டியா தம்பி?" என்பார்.

கொட்டகை யோசனை எனக்கு ஒரு கிளாரினெட்காரரால் வந்தது. ஒரு மத்தியானம், பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு என் சூளை ஓரத்தில் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். கூட ஒரு டோலக்காரர். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பெட்டியைத் திறந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கல் சுமந்த பெண்கள் அப்படியே சும்மாட்டோடு நின்றுவிட்டார்கள். வேலையைக் கெடுக்கிறானே என்று கோபமாகத்தான் போனேன். போனவன் வாய் திறக்காமல் பக்கத்திலேயே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காலில் எறும்பு ஏறியிருந்தது.

"எந்த மோளத்துல கீறீங்க?" என்றேன், முடிந்ததும்.

"எந்த மோளத்துலயும் இல்ல முதலாளி. தனி ஆளு."

"கோயில்ல கூப்புடுவாங்களா?"

"அங்க நாயனம் கீது. நான் எதுக்கு?"

"அப்ப யாருதான் கூப்புடுவாங்க?"

"யாரும் கூப்புட மாட்டாங்க. நானே போயி நின்னு, வாசிக்கட்டுமான்னு கேப்பேன். வாணாம்னா அடுத்த ஊரு."

"இனிமே ஊர் ஊரா போயி நிக்காதீங்க. நான் ஒரு எடம் கட்டுறேன், பாருங்க" என்றேன். அவர் சிரித்தார். இப்படிச் சொன்னவர்களை நிறையப் பார்த்திருப்பார். ஏழு மாதத்தில் கட்டினேன்.

சாலையை ஒட்டி, என் வீட்டுப் பக்கத்திலேயே, நீளவாக்கில். சுற்றிலும் இடுப்பளவுக்குச் சுவர். அதற்கு மேல் திறப்பு. தூண்கள் மேல் கீற்றுக் கூரை. ஒரு கோடியில் மேடை, எதிர்க் கோடியில் வாசல். அத்தனையும் பிறை முத்திரைக் கல். ஊரில் 'பாட்டுக் கொட்டா' என்று பெயர் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பம், ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னால் முடிவு. இதுவும் என் மூளைதான். சுற்று வட்டாரத்து ஜனங்கள் வெளிச்சத்தில் வீடு போய்ச் சேரலாம். வந்த வித்வானும் அடுத்த ஊருக்குப் பஸ் பிடிக்கலாம்.

எனக்குக் கடிதாசி போட்டுப் பிரயோசனமில்லை, சரியாகப் படிக்க வராது. வாசிக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை நேரில் வர வேண்டும். மேடையில் நிறுத்திவிட்டு நான் கடைசி பெஞ்சில் போய் மேடைக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். மைக் கிடையாது. என் முதுகைத் திரும்ப வைத்தால் ஞாயிற்றுக்கிழமை அவருடையது. திரும்பாவிட்டால் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவேன். புல்புல்தாரா வாசிக்கிறவர் வந்திருக்கிறார். ஆர்மோனியத்தோடு பாடுகிற ஒரு அம்மா, கண் தெரியாத ஒரு பிடில்காரர், வில்லுப்பாட்டோடு தெற்கத்திக்காரர்கள் என்று எத்தனையோ பேர். என் காது ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

டிக்கெட் அச்சடிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. அதனால் சூளையிலேயே அரையணாக் காசு அகலத்துக்கு மண் வில்லை தட்டி, பிறை குத்திச் சுட்டேன். வாசலில் காசு கொடுத்தால் வில்லை. உள்ளே போகும்போது கூடையில் போட வேண்டும். அடுத்த வாரம் அதே வில்லை. அச்சாபீஸ்காரன்கூட வந்து பார்த்துவிட்டுப் போனான்.

இவ்வளவும் செய்த எனக்கு வேண்டியது ஒன்றுதான். எதிர் வீட்டிலிருந்து என் அண்ணன் ரோட்டைத் தாண்டி, முன்வாசல் வழியாக வந்து, ஜனங்கள் பார்க்க, முதல் வரிசையில் உட்கார வேண்டும். அதற்காகத் தேக்கில் கை வைத்த நாற்காலி ஒன்று செய்து போட்டேன். ஆரம்ப நாளன்று அண்ணியிடம் சொல்லி அனுப்பினேன். அண்ணி ரோட்டுக்கு நடுவிலேயே நின்று பதிலைச் சொன்னார்.

"அந்த செவுரு நம்ம கழனின்றாரு தம்பி. கழனிய நிக்க வச்சுட்டு, அதுக்குள்ள ஒக்காந்து கை தட்டச் சொல்றானான்னு கேக்கறாரு."

"பாட்டக் கேக்க வாணாம். சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போவட்டும் அண்ணி."

"நானா மாட்டேன்றேன்?" என்றார் அண்ணி.

நான் விடுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஒரு வில்லையை எடுத்துத் துடைத்து, அண்ணியிடம் கொடுப்பேன். "அவரு கைல குடுங்க." அண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு போவார். ஒரு வில்லைகூடத் திரும்பி வரவில்லை. திரும்பி வராததால் வைத்துக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வைத்துக்கொள்கிறவர் ஒருநாள் வருவார்.

நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விட்டதில்லை. ஒருமுறை சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார். "அது எங்க அண்ணனுது, எழுந்துருங்க சார்" என்றேன். அவர் எழுந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மாவட்டத்தில் எவன் செய்திருப்பான் அதை? பாட்டு முடிந்து போகும்போது, "எங்கய்யா உங்க அண்ணன், வரவே இல்ல?" என்று கேட்டார். நான் துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தேன்.

கொட்டகை ஆரம்பித்த மூன்றாம் வருஷம் என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. அண்ணன் வாசல் வரை வந்து நின்றுவிட்டுப் போனார் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. ஐந்தரை மணி வரைக்கும் முந்நூறு பேர் என் கூரைக்குக் கீழே. மேடையில் இருக்கிறவர் என்னை 'வள்ளல்' என்கிறார். ஆறு மணிக்கு பஸ் ஹாரன் கேட்டால் மாயம் போட்ட மாதிரி ஒருவர் இல்லை. வித்வான்களை வழியனுப்ப நான் பஸ் நிற்கிற இடத்துக்குப் போவதில்லை. அது அண்ணன் வீட்டு ஓரம். முதலாளி ரோட்டில் நிற்பதும் அழகில்லை. வாசலிலேயே கும்பிட்டு அனுப்பிவிட்டு, தனியாகப் பெஞ்சுகளை நேராக்குவேன். வெற்றிலைத் துப்பலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன். ஆள் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது? என்னிடம் வந்த எல்லாரும் பஸ் பிடிக்க வந்தவர்கள்தான். மேடைப் பலகையில் யாராவது மறந்துவிட்டுப் போன விசிறியோ, சீப்போ கிடந்தால், அதை எடுத்து வைத்து, அடுத்த வருஷம் கொடுப்பேன். "இத்த நீங்களா எடுத்து வச்சீங்க?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காக எடுத்து வைத்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

அண்ணன் வீட்டுப் பக்கம் நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வாசலில் உட்கார்ந்தாலும் தலையை ஊர்ப் பக்கம் வைத்துக்கொள்வேன். இதையும் சொல்லியாக வேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஒன்பது வருஷம் ஆனபோது பட்டணத்திலிருந்து ஒரு மெல்லிசைக் கோஷ்டியின் ஆள் வந்து பார்த்தார். "கொட்டகை ஷோக்கா கீதுங்க. ஆனா காத்தடிச்சா மைக்கு எரையும். அப்புறம், வெளில புளிய மரத்தாண்ட அம்பது பேரு ஓசில கேட்டுகினு கீறான். செவுர ஏத்துங்க, நாங்க மாசா மாசம் வர்றோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் கொட்டகையில் ஓசியா? பன்னிரண்டே நாளில் நான்கு பக்கமும் சுவரைக் கூரை வரைக்கும் ஏற்றினேன். கீற்றை இறக்கிவிட்டுத் தகரம் போட்டேன். புதுத் தகரம் வெயிலில் ஒரகடத்திலிருந்து பார்த்தால்கூட மின்னும். அண்ணன் இதைப் பார்த்தாவது என்ன என்று கேட்க வருவார் என்று ஒரு எண்ணம் இருந்தது.

மெல்லிசைக் கோஷ்டி வந்தது. கூட்டம் வந்தது. அண்ணன் வரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் கிளாரினெட்காரர் வந்தார். முதல் நாளிலிருந்து வருஷா வருஷம் வருகிறவர். அவருக்கு மட்டும் வெள்ளிக்கிழமைப் பரீட்சை கிடையாது. ஏரி இரண்டு வருஷமாக நிரம்பவில்லை. ஜனங்கள் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியும் இருநூறு பேர் வந்தார்கள். முதல் பாட்டு முடிந்து, இரண்டாவதை அவர் எடுத்தபோது தகரத்தில் நாலைந்து கல் விழுந்த மாதிரி சத்தம் கேட்டது. எல்லாரும் மேலே பார்த்தார்கள். பிறகு மழை பிடித்தது.

தகரக் கூரைக்குக் கீழே பெருமழை என்றால் அது என்ன சத்தம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கிளாரினெட்காரரின் கன்னம் உப்புவதும் விரல் ஓடுவதும் தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. டோலக்காரர் கை ஊமையாக ஆடுகிறது. கீற்றாக இருந்தபோது மழை வந்தால் பாட்டு இன்னும் இனிக்கும். இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. செங்கல்லைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. தகரத்தைப் பற்றித் தெரியவில்லை.

யாரோ ஒருவர் எழுந்து, "ஏரிக்கு வரத்துக் கால்வா அடைஞ்சு கெடக்குதுடா, தண்ணி ரோட்ல போயிடும்" என்று கத்தினார். இன்னொருவர், "நாத்தங்கால்ல மட தொறக்கணும்" என்றார். பெஞ்சுகள் சாய்ந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடினார்கள். யாருக்கும் கோபம் இல்லை, காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. எல்லாருக்கும் ஓட ஒரு கழனி இருந்தது. ஐந்து நிமிஷத்தில் கொட்டகையில் மேடையில் இரண்டு பேர், வாசலில் நான்.

எனக்கும் கால் பரபரத்தது. எங்கே ஓடுவது? என் கழனி என்னைச் சுற்றி நான்கு சுவராக நின்றுகொண்டிருந்தது.

கிளாரினெட்காரர் வாசிப்பை நிறுத்தி, கருவியைத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தார். நான் மேடைக்கு அருகில் போய் நின்றேன். அவர் என் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்:

"எதுத்த வூட்டுப் பெரியவருக்கு ஒடம்பு சொகமா கீதா முதலாளி?"

"எந்தப் பெரியவரு?"

"மாட்டுக் கொட்டால ஒக்காருவாரே. உங்க அண்ணன்னு சொன்னாங்க."

"அவரு எங்க ஒக்காந்தாரு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஒம்போது வருசமா ஒக்காந்தாருங்க. மேடைலேர்ந்து நேரா தெரியும். கட்டிலப் போட்டுகினு, முதுவக் காட்டிகினு ஒக்காருவாரு. ஆனா தல மட்டும் ஆடும். நான் அந்தத் தலையப் பாத்துதான் வாசிப்பேன். இன்னிக்கு செவுரத்தான் பாத்தேன்."

நான் திரும்பி ரோட்டுப் பக்கச் சுவரைப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை.

"பஸ்ஸாண்ட வருவாரு. எல்லா வித்வானுக்கும் மோரு குடுப்பாரு. 'ரெண்டாவது பாட்ட சீக்கிரம் முடிச்சுட்டியே, இன்னா அவசரம்'னுவாரு. உங்களுக்குத் தெரியாதா?"

என் முதுகைத் திருப்பினால்தான் ஞாயிற்றுக்கிழமை என்று நான் சட்டம் வைத்திருந்தேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு முதுகு ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பார்க்கக் கூடாது என்று நானே வைத்துக்கொண்டது. இப்போது அதற்கும் சேர்த்துச் சுவர் எழுப்பிவிட்டேன்.

மழையிலேயே ரோட்டைத் தாண்டினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் நின்றேன். மாட்டுக் கொட்டகையில் கட்டில் இல்லை. அண்ணி மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"அண்ணன் எங்க அண்ணி?"

"கழனிக்குப் போயிட்டாரு. வரப்பு ஒடையும்னு, மானம் கறுத்ததுமே போனவரு."

"கட்டிலு?"

"நீ செவுரு ஏத்துனியே, அன்னிக்கே உள்ள எடுத்துப் போட்டுட்டாரு." அண்ணி வைக்கோலைக் கீழே வைத்தார். "இன்னா சொன்னாருன்னு கேளு. 'அவன் என்னைய மட்டுந்தான் வெளில நிறுத்தினான்னு நெனச்சேன். பாட்டையும் உள்ள வச்சுப் பூட்டிகினான்'னாரு."

கழனிக்கு ஓடினேன். வெள்ளை ஜிப்பா உடம்போடு ஒட்டிக்கொண்டது. அண்ணன் தனியாக மண்வெட்டியோடு நின்றார். வரப்பு என் பள்ளத்தின் பக்கம் ஒரு வண்டி அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. அவர் வயல் தண்ணீர், நாற்றோடு சேர்ந்து, என் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வெட்டிப் போடப் போட மண் கரைந்தது. அறுபதை நெருங்கியவர். மூச்சு வாங்கியது.

நான் உடைப்பில் இறங்கிக் குறுக்கே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். மண்வெட்டியைப் பார்த்துப் பேசினார்.

"யாரோ வந்து நிக்கறாங்க. நிக்கறவங்க பனமட்டைய எடுத்து அண்டக் குடுத்தா ஆவும்."

எடுத்து அண்டக் கொடுத்தேன். அவர் வெட்டிப் போட்டார், நான் மிதித்தேன். மிதிக்கும்போது காலில் ஏதோ வட்டமாக இடறியது. குனிந்து எடுத்தேன். வில்லை. பிறை முத்திரை. இன்னொன்று. காலால் துழாவினேன்; வரப்பு முழுக்க இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைத்துக் கொடுத்தனுப்பியது ஒவ்வொன்றையும் கொண்டுவந்து இங்கே புதைத்திருக்கிறார்.

ஒரு வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அப்போதும் மண்வெட்டியிடம்தான் பேசினார்.

"இந்த மண்ணு இங்கருந்து போனது. வாரம் ஒரு கை திரும்பி வந்துகினு இருந்துச்சு. போட்டு வச்சேன்."

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். மழைத் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. வில்லையைத் திரும்ப மண்ணில் போட்டு மிதித்தேன். இருட்டுவதற்குள் உடைப்பை அடைத்தோம். அவர் முன்னால் நடந்தார். நான் பத்தடி பின்னால். ரோடு வந்ததும் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கிளாரினெட்காரர் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார். அன்றைக்குப் பெஞ்சுகளை நேராக்கவில்லை. ஈர வேட்டியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மழை நின்றபோது கொட்டகைக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது.

மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டு, ரோட்டுப் பக்கச் சுவரை இடுப்பளவுக்கு இறக்கச் சொன்னேன்.

"கட்டி மூணு மாசம்தான் ஆவுது முதலாளி."

"எறக்கு."

"அம்பது பேரு ஓசில கேப்பானே?"

"கேக்கட்டும்."

இறக்கிய கல்லை நான்கு வண்டியில் ஏற்றி, என் பள்ளத்துக்கும் அண்ணன் வயலுக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கு அணைச்சுவர் கட்டினேன். அதன் பிறகு அந்த வரப்பு ஒரு மழைக்கும் சரிந்ததில்லை. தகரத்தையும் பிரித்துவிட்டுக் கீற்றைப் போட்டேன். பட்டணத்துக் கோஷ்டி வருவதை நிறுத்திக்கொண்டது. அவர்களுக்கு என் கொட்டகை கொடுத்து வைக்கவில்லை. அணைச்சுவர் முழுக்க முழுக்க என் யோசனை. ஆனால் டீக்கடையில் அண்ணன் அது தன் யோசனை என்று சொல்லியிருக்கிறார், கேள்விப்பட்டேன். மறுத்துச் சொல்ல நான் போகவில்லை. வாழ்க்கையில் நான் மறுத்துச் சொல்லாத ஒன்று அது.

கட்டில் மாட்டுக் கொட்டகைக்குத் திரும்பி வந்தது. இப்போது நான் அந்தப் பக்கம் பார்த்தேன். வாரா வாரம் பார்த்தேன். முதுகுதான் தெரியும்.

அடுத்த ஐப்பசியில் கிளாரினெட்காரர் வந்தார். இரண்டாவது பாட்டை எடுத்தார். நடுவில் அண்ணன் கட்டிலை விட்டு எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். பெஞ்சில் இருந்த ஜனங்கள் பாட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். வாசல் பக்கம் வரப்போகிறார் என்று நான் வேட்டியைச் சரிசெய்தேன். அவர் வாசலுக்கு வரவில்லை. சுவருக்கு வெளியே வந்து நின்று, சுவர் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். மேல்வரிசைக் கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வேக்காடு பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு தலை ஆட ஆரம்பித்தது. அவருக்கும் தேக்கு நாற்காலிக்கும் நடுவில் கை நீட்டினால் எட்டுகிற தூரம். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் போய்விடுவார் என்று இருந்தது.

அன்றைக்கு நானும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். அண்ணன் இரண்டு டம்ளரில் மோர் வைத்திருந்தார். கிளாரினெட்காரருக்கு ஒன்று, டோலக்காரருக்கு ஒன்று. எனக்கு இல்லை. பஸ் போனதும் நாங்கள் இருவரும் புழுதியில் நின்றோம். அவர் காலி டம்ளரைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டாவது பாட்ட இன்னிக்கு முழுசா வாசிச்சான்."

"ஆமாண்ணா" என்றேன்.

அவர் டம்ளர்களோடு உள்ளே போனார். நான் வந்து பெஞ்சுகளை நேராக்கினேன்.

அதன் பிறகு அண்ணியிடம் வில்லை கொடுத்தனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேக்கு நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போய், சுவருக்கு வெளியே, அவர் நிற்கிற இடத்தில் போடுவேன். வருவார். துண்டை எடுத்து நாற்காலியின் மேல் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பார். ஒருநாளும் உட்காரவில்லை. இப்படியே ஐந்தாறு வருஷம். மேடையில் யார் இருந்தாலும் நான் முதல் வரிசையில் சுவருக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். ஒரு வார்த்தை இல்லை.

அவர் ஒரு தை மாதத்தில் போய்ச் சேர்ந்தார். பிறகும் நான் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். பாட்டுக்கு நடுவில் தூறல் போட்டால், அதை உள்ளே எடுத்து வைக்க நான்தான் எழுந்து போக வேண்டும்.